பொதுக் கணினியில் இடம் கேட்கும் முறை



தோட்டப்புறக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் சிலர் இன்று சிங்கப்பூரில் உயர்கல்வி பயில்கின்றனர். ஆய்வுக்கூடங்களிலும் கணினி நிலையங்களிலும் பணியாற்றுகின்றனர். அவர்கள் வீட்டோடு தொலைபேசியில் பேசும்போது, "அம்மா, என் வேலை இன்னும் வரிசையில் நிற்கிறது, கணினியில் இடம் கிடைக்கவில்லை" என்று சொல்லக்கூடும். கேட்கும் தாய்க்கு வியப்பாக இருக்கும். கடையில் வரிசை உண்டு, மருந்தகத்தில் வரிசை உண்டு. கணினிக்கு ஏது வரிசை? கையில் இருக்கும் தொலைபேசியும் ஒரு கணினிதான் என்கிறார்கள், அதில் நாம் யாரிடமும் இடம் கேட்பதில்லையே என்று தோன்றும்.

அந்த வரிசை எப்படி உண்டாகிறது, அதைக் குறைப்பதற்கு என்ன கட்டுப்பாடுகளை வைக்கிறார்கள், அந்தக் கட்டுப்பாடு எப்போது நியாயமாக அமைகிறது என்பவற்றை இன்றைய பேச்சில் பார்ப்போம். நம் பிள்ளைகள் நாளை அந்த வரிசையில் நிற்கப் போகிறவர்கள். ஆகவே இது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

முதலில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்குப் போவோம். அங்கே பஃபலோ சாலையும் சிராங்கூன் சாலையும் கூடும் இடத்தில் தேக்கா நிலையம் இருக்கிறது. 1982-ல் இந்தக் கட்டடம் எழுந்தபோது அதற்குச் சூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் மக்கள் வாயில் வழங்கிய தேக்கா என்ற பெயரே மீண்டும் வந்தது. கீழ்த்தளத்தில் மீன், இறைச்சி, காய்கறிச் சந்தையும், அதையொட்டி உணவுக் கடைகளும் உள்ளன. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் போனால் உட்கார இடம் கிடைப்பது அரிது.

அங்கே ஒரு வழக்கத்தைப் பார்க்கலாம். சாப்பாடு வாங்கப் போகிறவர் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். அந்த மேசை அவருக்கு என்று பொருள். இதைச் சிங்கப்பூரில் 'சோப்' செய்வது என்பார்கள். இது குளிக்கும் சோப்பு அன்று. இடம் பிடித்து வைப்பதற்கு அந்த ஊர்ச் சொல். ஒருவர் ஒரு நாற்காலிக்குப் பொட்டலம் வைத்தால் யாருக்கும் வருத்தம் இல்லை. ஒரே ஒருவர் நான்கு பேர் மேசை முழுவதையும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? மூன்று நாற்காலிகள் காலியாகவே இருக்கும். தட்டும் கையுமாக மூன்று பேர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். இடம் இருக்கிறது, ஆனால் உட்கார முடியாது.

பலர் பங்கிட்டுக்கொள்ளும் பெரிய கணினியிலும் இதேதான் நடக்கிறது. அது எப்படி என்று பார்ப்பதற்கு முன், நினைவகம் என்ற ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கணினியில் இரண்டு வகை இடம் உண்டு. ஒன்று, பொருளைச் சேர்த்து வைக்கும் இடம். நம் தொலைபேசியில் எடுத்த படங்கள் கிடப்பது அங்கேதான். அது வீட்டில் சாமான் அறையைப் போன்றது. மற்றொன்று, வேலை நடக்கும்போது பொருள்களைப் பரப்பி வைத்துக்கொள்ளும் இடம். அது சமையல் மேடையைப் போன்றது. அரிசி மூட்டை அறையில் இருக்கலாம். ஆனால் சமைக்கும்போது அரிந்த காயும் அரைத்த மசாலாவும் மேடைமேல் இருந்தால்தான் வேலை ஓடும். இந்த மேடைக்குத்தான் நினைவகம் என்று பெயர். அதைக் கிகாபைட் என்ற அளவால் குறிக்கிறார்கள். இன்று சாதாரணத் தொலைபேசியில் நான்கு முதல் எட்டுக் கிகாபைட் வரை நினைவகம் இருப்பதைக் காணலாம்.

சிங்கப்பூரில் தேசிய மீத்திறன் கணினி மையம் 2015-ல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பெரும் இயந்திரமான ஆஸ்பயர் 1, ஃபியூஷனோபொலிஸ் கட்டடத்தில் 2016-ல் பணிக்கு வந்தது. வினாடிக்கு, ஒன்றுக்குப் பின் பதினைந்து சுழி போட்ட எண்ணிக்கையில் கணக்குகளைச் செய்யக்கூடிய ஆற்றல் அதற்கு இருந்தது. பல்கலைக்கழகங்களும் அரசு ஆய்வுக் கழகங்களும் அதைப் பங்கிட்டுக்கொண்டன. 2020-ல் கோவிட் பெருந்தொற்று வந்தபோது அந்நோய் பற்றிய ஆய்வுகளுக்கும் இந்த மையம் கணக்கிடும் வசதி அளித்தது.

ஆஸ்பயர் 1 என்பதை ஒரே ஒரு பெரிய பெட்டி என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அது 1,288 கணினிப் பெட்டிகளைக் கம்பியால் பிணைத்த ஒரு தொகுதி. ஒவ்வொரு பெட்டியிலும் 24 செயலிகள் இருந்தன. செயலி என்பதை, கணக்குப் போடும் ஒரு கை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு பெட்டிக்கு 24 கைகள். பெரும்பாலான பெட்டிகளில் நினைவகம் 128 கிகாபைட். அந்த 24 கைகளும் ஒரே சமையல் மேடையைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டி தன் சொந்த வேலைக்கு எட்டுக் கிகாபைட்டை வைத்துக்கொள்கிறது என்று கொள்வோம். மீதி 120. அதை 24 கைகளுக்குப் பகிர்ந்தால் கைக்கு ஐந்து கிகாபைட். ஆளுக்கு ஒரு கையும் ஐந்து கிகாபைட்டும் கேட்டால், 24 பேருடைய வேலை ஒரே நேரத்தில் நடக்கும்.

ஒரு மாணவர் வருகிறார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு கை. உண்மையில் தேவைப்படும் நினைவகம் ஆறு கிகாபைட். ஆனால் விண்ணப்பத்தில் 120 என்று எழுதிவிடுகிறார். என்ன ஆகும்? கணினி அவருக்கு 120 கிகாபைட்டையும் ஒதுக்கிவிடும். மீதி 23 கைகள் சும்மா இருக்கும். நினைவகம் இல்லாமல் அந்தக் கைகளால் எந்த வேலையும் செய்ய முடியாது. அவர் பயன்படுத்தும் ஆறு போக, 114 கிகாபைட் காலியாகவே கிடக்கும். தேக்கா நிலையத்தில் பார்த்த பொட்டலத்தின் கதைதான்.

"காலியாக இருப்பதை எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாமே" என்று நேயர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கை போடும் கணக்கை நேரத்தால் துண்டு போடலாம். ஒருவருக்குச் சில நொடி, அடுத்தவருக்குச் சில நொடி என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். வேலை சற்று மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். மேடைமேல் பரப்பிய பொருளை அப்படிச் செய்ய முடியாது. அந்த மாணவரின் வேலை இப்போது ஆறு கிகாபைட்டில் ஓடுகிறது. அடுத்த மணியில் நூறு வேண்டுமென்று கேட்குமா, கேட்காதா என்பது கணினிக்குத் தெரியாது. இன்னொருவருக்குக் கொடுத்துவிட்ட பிறகு இவர் கேட்டால், இருவர் வேலையும் கெடும். ஆகவே கேட்டவர் எழுதிய அளவை நம்பி, அதை அப்படியே காத்து வைக்க வேண்டியதாகிறது.

இந்தச் சிக்கல் புதியதன்று. 1961-ல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவர் தலைமையில், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினார்கள். பின்னர் அவர்கள் பயன்படுத்திய ஐ.பி.எம். 7094 கணினியில் பயனர்களுக்கென்று இருந்த நினைவகம் 32,768 சொற்கள் கொள்ளும் இடம். இன்றைய தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்திற்குக்கூட அது போதாது. அதனால் ஒருவருடைய வேலையை உள்ளே வைத்து, மற்றவர்களுடையதை வெளியே எடுத்து வைத்து, மாற்றி மாற்றி ஓட்டினார்கள். 1964-ல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 வரிசைக் கணினிகளில், எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டையில் முன்கூட்டியே குறித்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. இன்றைய விண்ணப்பத்திற்கு அந்த அட்டையே மூதாதை.

இன்று அந்த அட்டையின் வேலையைச் செய்வது ஒரு மென்பொருள். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் கங்காணி ஆளுக்கு ஆள் நிரை பிரித்துக் கொடுப்பதைப் போல, அது வேலைகளைப் பெட்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. சிங்கப்பூர் மையம் பயன்படுத்தும் பி.பி.எஸ். என்ற மென்பொருள், 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக உருவாக்கப்பட்டது. எத்தனை கை வேண்டும், எவ்வளவு நினைவகம் வேண்டும், எத்தனை மணி நேரம் வேண்டும் என்ற மூன்றையும் அது கேட்கும். மூன்றும் ஒரு பெட்டியில் பொருந்தினால் வேலை தொடங்கும். பொருந்தாவிட்டால் வரிசையில் நிற்க வேண்டும்.

அதிகம் கேட்பதால் வரும் கேட்டைப் பார்த்தோம். குறைவாகக் கேட்டால் என்ன ஆகும்? ஐந்து என்று எழுதிவிட்டு ஒன்பது எடுத்துக்கொண்டால், பெட்டியின் நினைவகம் நிரம்பிவிடும். மூச்சுத் திணறும் நிலையில் கணினி ஏதாவது ஒரு வேலையைப் பிடித்து நிறுத்திவிடும். தவறு செய்தவருடைய வேலையைத்தான் நிறுத்தும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தவரின் வேலையும் போய்விடலாம்.

இதைத் தடுக்க 2006-ல் கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்கள் பால் மெனேஜ், ரோஹித் சேத் இருவரும் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேலையையும் சுற்றி ஒரு வேலி போட்டு, அதற்குக் கொடுத்த அளவுக்கு மேல் எடுக்க முடியாதபடி செய்யும் முறை அது. 2008-ல் அது லினக்ஸ் இயக்க மென்பொருளில் சேர்ந்தது. வேலியைத் தாண்டும் வேலை மட்டும் நிறுத்தப்படும். அயலாருக்குச் சேதம் வராது. பொதுக் கணினிகள் பலவற்றில் இன்று இந்த வேலி இருக்கிறது.

ஆனால் இந்த வேலி வந்த பிறகு, அதிகம் கேட்கும் பழக்கத்திற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அதைக் கவனிக்க வேண்டும். ஒரு பிள்ளை இருபது மணி நேரம் வேலையை ஓட விடுகிறது. பத்தொன்பதாவது மணியில் நினைவகம் சற்றே எல்லை தாண்டுகிறது. வேலை நின்றுவிடுகிறது. அதுவரை செய்ததெல்லாம் வீண். ஒரு முறை இப்படிப் பட்டவர் அடுத்த முறை எவ்வளவு கேட்பார்? இருக்கிறதையெல்லாம் கேட்பார். அவரைப் பேராசைக்காரர் என்று ஏசுவது எளிது. அச்சம்தான் அவரை அப்படிக் கேட்க வைக்கிறது. வீட்டில் முன்பு யாரும் கணினி படித்ததில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள அண்ணனோ அக்காளோ இல்லை என்ற நிலையில் இருந்து போகும் நம் பிள்ளைகளுக்கு இந்த அச்சம் இன்னும் அதிகமாக இருக்கும்.

எனவே நினைவகத்திற்கு வரம்பு வைப்பவர்கள் அச்சத்தையும் சேர்த்துப் போக்க வேண்டும். நல்ல கணினி மையங்களில் கையாளும் வழிகள் சில உண்டு.

முதலாவது, அளவு எழுதாமல் வரும் வேலைக்கு ஒரு நியாயமான பங்கைத் தாமே ஒதுக்குவது. நாம் பார்த்த கணக்கில் கைக்கு ஐந்து கிகாபைட் என்பது அத்தகைய பங்கு. தெரியாதவர் எழுதாமல் விட்டாலும் பெட்டி முழுவதும் அவருக்குப் போய்விடாது.

இரண்டாவது, உச்ச வரம்பு வைப்பது. ஆனால் அந்த வரம்புக்கு ஒரு வாசலும் இருக்க வேண்டும். உயிரினங்களின் மரபணுத் துண்டுகளை ஒன்றாகக் கோத்துப் பார்க்கும் ஆய்வுக்கு ஏராளமான நினைவகம் வேண்டும். கை குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம். வானிலைக் கணிப்புக்குக் கைகள் ஏராளமாக வேண்டும்; அவை பல பெட்டிகளில் பரவி நின்று வேலை செய்யும். இருவருக்கும் ஒரே அளவு என்றால் அது நீதியாகாது. லயத்துக் குழாயில் ஆளுக்கு இரண்டு வாளி என்று வைத்தாலும், பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு வாளி கூடுதலாக விடுவதுண்டு அல்லவா? அதைப்போலப் பெரிய நினைவகம் கொண்ட பெட்டிகளைத் தனியாக வைத்து, உண்மையான தேவை உள்ளவர்களை அங்கே அனுப்புகிறார்கள்.

மூன்றாவது, பிடித்து வைத்ததற்கும் கணக்கு எழுதுவது. ஒரே ஒரு கை கேட்டு 120 கிகாபைட்டைப் பிடித்துக்கொண்டால், 24 கைகளையும் பயன்படுத்தியதாகவே கணக்கில் பற்று வைப்பது. மற்றவர்கள் உட்கார முடியாமல் போனது உண்மை என்பதால் அந்தப் பற்றும் உண்மையே.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. வேலை முடிந்ததும், நீங்கள் கேட்டது இவ்வளவு, உண்மையில் உச்சமாகப் பயன்படுத்தியது இவ்வளவு என்று பயனரிடம் காட்ட வேண்டும். பி.பி.எஸ். போன்ற மென்பொருள்கள் இந்த அளவைப் பதிவு செய்கின்றன. பதிவில் இருந்தால் மட்டும் போதாது. பயனர் கண்ணில் பட வேண்டும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது தராசு முள்ளைத் தன் கண்ணால் பார்த்தால்தான் தொழிலாளிக்கு மனம் ஆறும். முள் மறைந்திருந்தால், சொன்ன எடை சரியாகவே இருந்தாலும் நம்பிக்கை வராது. அளவைக் காட்டாமல் வைக்கும் வரம்பு அதிகாரமாகத் தோன்றும். அளவைக் காட்டி வைக்கும் வரம்பை மக்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

இயந்திரம் பெரிதானால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஆஸ்பயர் 1-க்குப் பிறகு சிங்கப்பூர் மையம் ஆஸ்பயர் 2ஏ என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அதன் சாதாரணப் பெட்டி ஒன்றில் 128 கைகளும் 512 கிகாபைட் நினைவகமும் உள்ளன. நினைவகம் நான்கு மடங்காயிற்று. ஆனால் கைகள் ஐந்து மடங்குக்கும் மேலாகப் பெருகிவிட்டன. வகுத்துப் பாருங்கள்: முன்பு கைக்கு ஐந்து கிகாபைட்டுக்குச் சற்று மேல் கிடைத்தது, இப்போது கைக்கு நான்கு. வீடு பெரிதானாலும் ஆளுக்குக் கிடைக்கும் மேடை சுருங்கியிருக்கிறது. அளவறிந்து கேட்க வேண்டிய தேவை முன்னிலும் கூடியிருக்கிறது.

இத்தகைய கணினியில் வேலை செய்யப் போகும் மாணவச் செல்வங்களுக்கு ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்ல விரும்புபவை சில உண்டு. முதலில், முழு வேலையையும் அனுப்பாதீர்கள். தரவில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்து ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு நினைவகம் பிடித்தது என்ற பதிவைப் பாருங்கள். பிறகு இரண்டு மடங்கு தரவை ஓட்டிப் பாருங்கள். நினைவகமும் இரண்டு மடங்காகிறதா, அதற்கு மேல் போகிறதா என்று அதில் தெரியும். அதைக்கொண்டு முழு வேலைக்கு வேண்டியதைக் கணக்கிட்டு, அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கேளுங்கள். பத்து வேண்டுமானால் பன்னிரண்டு. அந்த இரண்டு பாதுகாப்புக்கு.

அடுத்து, நீண்ட நேரம் ஓடும் வேலையில் இடையிடையே விடையைச் சேமித்து வையுங்கள். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இருபது மணி உழைப்பும் ஒரே நொடியில் போய்விடும் என்ற அச்சம் தீர்ந்தால், அளவுக்கு மிஞ்சிக் கேட்கும் எண்ணமும் தானாகவே குறையும்.

மூன்றாவதாக, தெரியாததைக் கேளுங்கள். கணினி மையங்களில் பயனருக்கு உதவுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். "என் வேலைக்கு எவ்வளவு நினைவகம் கேட்கலாம்?" என்று கேட்பது குறைவான செயலன்று. கேட்கக் கூச்சப்பட்டு முழுப் பெட்டியையும் பிடித்து வைத்தால், பெயர் தெரியாத யாரோ இருபத்து மூன்று பேர் அதற்காகக் காத்திருக்க நேரும். அவர்களில் ஒருவர் நோய்க்கு மருந்து தேடுபவராக இருக்கலாம்; நாளைக் காலையில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டிய, நம்மைப் போன்ற வீட்டிலிருந்து வந்த பிள்ளையாகவும் இருக்கலாம்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. கணினி தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். அடுத்த முறை மகனோ மகளோ, "என் வேலை வரிசையில் நிற்கிறது" என்று சொன்னால், "எவ்வளவு கேட்டாய்? போன முறை உண்மையில் எவ்வளவு ஆயிற்று?" என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.